கரைத்தெருப் பதினான்கு வீடுகள்

அந்த வாரத்தில் கன்னியம்மாள் வருவது அது நான்காவது தடவை. ஆவடி ரயிலடிக்குப் பின்னால், பழைய நெல் மண்டி ஒன்றைப் பிடித்து நில எடுப்பு ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. அதன் வாசலில் நின்று நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு, குமாஸ்தா உஸ்மான் கனியின் மேசைக்கு நேராக வந்து நின்றாள்.

"பாய், என் பேரு எந்தப் பட்டியல்ல கீது?"

"மூணாவது பட்டியல்லம்மா. அன்னிக்கே சொன்னேனே."

"அத்தயே சொல்லிகினு இருக்கியே. மொதப் பட்டியல்ல ஏன் இல்ல? அதச் சொல்லு."

உஸ்மான் கனி பேனாவை மைக்கூட்டில் தோய்த்தான். தோய்க்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அது 1943-ம் வருஷம், ஐப்பசி மாதம். நெமிலிச்சேரிக்கு மேற்கே பெரியதாங்கல் என்று ஓர் ஊர் இருந்தது. யுத்தம் வந்ததும் பட்டாளத்துக் கிடங்குக்கு இடம் வேண்டுமென்று போன வருஷமே ஊரை முழுசாக எடுத்துக்கொண்டார்கள். ஊரை விட்ட ஜனம் ஒன்றரை வருஷமாகப் பட்டாபிராமம் ரயில் பாதை ஓரம் ஓலைக் கொட்டகைகளில் கிடந்தது. இப்போது அவர்களுக்காகத் திருமுல்லைவாயில் பக்கம் அறுபது ஓட்டு வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். ஒரே அறை, பின்னால் ஓர் அடுப்படி, அவ்வளவுதான். ஆனால் மேலே ஓடு இருந்தது. கீழே தரை உயர்ந்திருந்தது.

வீடு அறுபது. கேட்டு நின்ற குடும்பங்கள் நூற்றைம்பதுக்கும் மேலே. யாருக்குக் கொடுப்பது? சீட்டுக் குலுக்குவதென்று முடிவாயிற்று. அதிலும் எல்லாரையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்கினால் நியாயமில்லை என்று மூன்று பட்டியல் போட்டார்கள். கணக்கெடுத்த நாளில் பெரியதாங்கலில் சொந்தக் கூரையின் கீழ் குடியிருந்து, அந்தக் கூரையை இழந்தவர்கள் முதல் பட்டியல். அவர்களுக்கு நாற்பத்தைந்து வீடு, பெயர்கள் ஐம்பத்தொன்று. பட்டாளத்தில் ஆள் உள்ள குடும்பங்களும் சின்னப் பிள்ளைகளோடு நிற்கிற விதவைகளும் இரண்டாம் பட்டியல். அவர்களுக்கு ஐந்து வீடு. மற்றபடி அந்த ஊரில் உழுதவர்கள், கூலி செய்தவர்கள், அக்கம்பக்கத்துக் குப்பங்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் மூன்றாம் பட்டியல். மிச்சம் பத்து வீடுகள், தொண்ணூறு பெயர்கள்.

முதல் பட்டியலில் பெயர் இருந்தால் முக்கால்வாசி வீடு கிடைத்த மாதிரிதான். மூன்றாவதில் இருந்தால் சாமிக்கு வேண்டிக்கொள்ளலாம்.

"ரிஜிஸ்தர்ல உங்க தெருவுக்கு நேரா குடியில்லைன்னு எழுதியிருக்கும்மா. கணக்கெடுத்த அன்னிக்கு வீட்ல ஆளில்லன்னு அர்த்தம்" என்றான் உஸ்மான் கனி.

"கரைத்தெரு பதினாலு ஊட்லயும் ஆளில்லாம இன்னா, பேயா குந்திகினு இருந்துச்சு? எம் புருசன் சொகமில்லாத படுத்துகினு இருந்தாரு. நான் ஏரியில நாணல் அறுத்துகினு இருந்தேன். எந்தப் படுபாவி பாய் அப்டி எழுதினான்?"

அவன் மறுபடியும் பேனாவைத் தோய்த்தான்.

"சரி, நீ இன்னா பண்ணுவ. எவனோ எழுதினதுக்கு உன்ன கேட்டுகினு கீறேன்" என்று அவளே சொன்னாள். "இந்த ஆபீஸ்ல நாயே பேயேன்னு வெரட்டாத பேசற மன்ஷன் நீ ஒருத்தன்தான்."

எழுதிய படுபாவி அவன்தான்.

அது நடந்தது போன வருஷம் சித்திரை. ஜப்பான்காரன் கப்பல் வந்துவிட்டது, பட்டணத்தில் குண்டு போடப் போகிறான் என்று ஜனம் மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்த சமயம். ஆபீஸ்களையே உள்ளூர்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ரயிலில் கூரைமேலும் ஆட்கள். பூந்தமல்லியில் உஸ்மான் கனியின் மனைவி வஹீதுன்னிசா எட்டு மாசக் கர்ப்பிணி. அவளை ஆற்காட்டில் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய் விட, அன்று சாயங்காலம் ஒரு லாரியில் இடம் பிடித்து வைத்திருந்தான். அந்த நாளில்தான் பெரியதாங்கலைக் கணக்கெடுத்து முடிக்கச் சொல்லி உத்தரவு.

காலையிலிருந்து சைக்கிளில் ஊர்த்தெருக்களை முடித்தான். கரைத்தெரு மட்டும் பாக்கி. அது ஊரை ஒட்டி இல்லை. ஏரிக்கரைக்கு அப்பால், கரைமேல் ஏறி அரை மைல் போய் இறங்க வேண்டும். செங்கல் சூளைக்குப் போகிற கூலி ஜனம் அங்கே குடியிருந்தது. தலையாரி சின்னப்பையனைக் கேட்டதற்கு, "எல்லாம் ஓடிட்டாங்க பாய், பாதி ஊரே ஓடிடுச்சு, அவங்க மட்டும் இருப்பாங்களா?" என்றான். உஸ்மான் கனி கரைமேல் ஏறினான், கொஞ்ச தூரம் போனான், திரும்பினான். ரிஜிஸ்தரில் முதல் வீட்டுக்கு நேரே 'குடியில்லை' என்று எழுதினான். கீழே பதிமூன்று தடவை 'மேற்படி' என்று போட்டான். நாலு மணிக்கு லாரி.

குழந்தை ஆற்காட்டில் பிறந்தது. குண்டு எதுவும் விழவில்லை. மூன்று மாசத்தில் எல்லாரும் திரும்பி வந்தார்கள். கணக்கு வெறும் நஷ்ட ஈட்டுக்கென்றுதான் அப்போது நினைத்திருந்தார்கள். கரைத்தெரு வீடுகள் புறம்போக்கில் இருந்ததால் அவர்களுக்கு எப்படியும் ஈடு இல்லை. ஆகவே அந்தப் பதினான்கு வரி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று அவன் நம்பியிருந்தான். அதே ரிஜிஸ்தரை வைத்துத்தான் வீட்டுக்கு முன்னுரிமை தீர்மானிக்கப்படும் என்று உத்தரவு வந்த நாளில், அவன் அந்தப் பக்கத்தைத் திறந்து பதினான்கு வரியையும் எண்ணிப் பார்த்தான்.

அன்றிலிருந்து அவன் தூங்கிய தூக்கம் தூக்கமில்லை. பதினான்கு குடும்பத்தின் பெயரையும் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வேறு எந்த வழியிலாவது அவர்களை மேலே ஏற்ற முடியுமா என்று விதிகளைப் புரட்டினான். ஒரு வீட்டுப் பையன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தான். இரண்டு பேர் விதவைகள், சின்னப் பிள்ளைகள் இருந்தன. அந்த மூன்று பெயரையும் ஓடி ஓடிச் சான்று வாங்கி இரண்டாம் பட்டியலில் சேர்த்தான். மீதிப் பதினொன்றுக்கு ஒரு வழி கூடக் கிடைக்கவில்லை. அவர்களிடம் வரி ரசீது கிடையாது, பட்டா கிடையாது, வீட்டுக்கு நம்பர் கிடையாது. இருந்ததற்கு ஒரே சாட்சி அந்த ரிஜிஸ்தராக இருந்திருக்க வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது ரிஜிஸ்தரைத் திறந்து, பேனாக்கத்தியை எடுத்து 'குடியில்லை'யில் 'இல்லை'யைச் சுரண்டிவிடலாமா என்று பார்த்தான். பக்கத்தின் அடியில் தாசில்தார் ஜெயராமனின் கையெழுத்து. 'நேரில் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.' அவர் அந்த ஊருக்கு வந்ததே இல்லை. கத்தியை மடக்கி வைத்துவிட்டான்.

தலையாரி சின்னப்பையனைத் தேடிப் போனான். அவன் இப்போது கிடங்கு வாசலில் காவல் உத்தியோகத்தில் இருந்தான்.

"நீ சொன்னதாலதானே நான் எழுதினேன், சின்னப்பையா. எனக்குத் தப்பாத் தெரிஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை எழுதிக் கைநாட்டு வெச்சுக் குடு. போதும்."

சின்னப்பையன் கைகூப்பினான். "இன்னா பாய், வெளையாடறியா? நான் வாயால சொன்னேன். எழுதினது நீ. என் கொழந்தைங்க வாயில மண்ணப் போடாத, போய்ட்டு வா."

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. கூவம் கரை தெரியாமல் ஓடியது. ஏரிகள் ஒன்றுக்கொன்று உடைத்துக்கொண்டு வந்தன. கொட்டகைகளில் இடுப்பளவு தண்ணீர் என்று கேள்விப்பட்டு, யாரார் இன்னும் இருக்கிறார்கள் என்று பட்டியலைச் சரிபார்த்து வர உஸ்மான் கனியை அனுப்பினார் தாசில்தார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தான். கூரை சரிந்த கொட்டகைகளில் ஜனம் பெட்டிமேலும் உரல்மேலும் உட்கார்ந்திருந்தது. கன்னியம்மாள் அவனைப் பார்த்ததும் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனாள். நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் போட்ட கதவுப் பலகையில் அவள் புருஷன் நாகப்பன் படுத்திருந்தான். சூளைப் புகையில் நெஞ்சு கெட்டுப் போன மனிதன். மூச்சு விடுவது கொட்டகைக்கு வெளியே கேட்டது. பலகைக்கு நாலு விரல் கீழே தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

"இவருதான்யா நான் சொன்னேனே, நல்ல பாய்" என்றாள் கன்னியம்மாள்.

நாகப்பன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"பாய், எழுதிக்கோ. நாங்க அன்னிக்கு ஊட்லதான் இருந்தோம். எனக்கு நல்லா நெனப்புக் கீது. சூளைக்குப் போவல நானு, காச்சல். குடிச வாசல்ல குந்திகினு கீறேன். கரைமேல ஒரு ஆளு சைக்கிள்ள வந்தாரு. வெள்ளச் சொக்கா. கணக்கு எடுக்கறவங்க வராங்கன்னு முன்னமே சொல்லிகினு இருந்தாங்களா, அதான், இவருதான் போலன்னு..." இருமல் வந்தது. அடங்கக் காத்திருந்தார்கள். "கை தட்டிக் கூப்ட்டேன். ரெண்டு வாட்டி, மூணு வாட்டி தட்னேன். நின்னாரு. அப்பால சைக்கிளத் திருப்பிகினு போய்ட்டாரு. காத்துல கேக்கல போல."

கேட்டது.

உஸ்மான் கனி தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தான். இத்தனை நாளும் சின்னப்பையன் சொன்னான், சின்னப்பையன் சொன்னான் என்று தனக்குத் தானே சொல்லி வைத்திருந்த சுவர் அந்த இடத்தில் இடிந்தது. கரைமேல் நின்றபோது அவன் காதில் கைதட்டல் விழுந்தது. யாரோ மாட்டை விரட்டுகிறார்கள் என்று நினைத்தான். இல்லை, அப்படி நினைத்துக்கொண்டான். ஒரு கூரைக்கு மேல் அடுப்புப் புகை கூடத் தெரிந்தது. இறங்கினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். மணி அப்போது இரண்டு.

"எழுதிக்கினியா பாய்?" என்றான் நாகப்பன்.

"எழுதிக்கிறேன்" என்றான் உஸ்மான் கனி.

பூந்தமல்லிக்குத் திரும்பியதும் நனைந்த சட்டையோடே வஹீதுன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னான். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எழுதிக் குடுத்தா வேலை போயிடுமா?"

"போயிடும். வழக்குக் கூடப் போடலாம்."

"என்ன ஏத்தி அனுப்பறதுக்காகத்தானே போனீங்க. நான் பாவம் பண்ணலியே. இந்தப் புள்ள பண்ணலியே." அவள் அழவில்லை, கோபமாகத்தான் சொன்னாள். "ரெண்டு வருஷமா அரிசிக்கு வரிசையில நிக்கிறோம். உங்க தங்கச்சிய இன்னும் கட்டிக் குடுக்கல. அவங்களுக்கு ஒரு ஊடு வேணும், சரி. நம்ம ஊடு?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவன் நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

குலுக்கலுக்கு முதல்நாள் காலையில், ஒரு முழுத்தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, தாசில்தார் ஜெயராமனின் மேசையில் வைத்தான். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டு வந்தார்.

"ஓய் கனி, உமக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"சார், அந்தப் பதினோரு பேரை முதல் பட்டியல்ல சேர்க்கணும்."

"சேர்த்தா? ஐம்பத்தொண்ணு அறுபத்திரண்டு ஆகும். வீடு நாற்பத்தஞ்சுதான். அந்த ஐம்பத்தொரு பேர் சும்மா இருப்பானா? ஆளுக்கு ஒரு மகஜர் எழுதுவான். குலுக்கல் நிக்கும். வீடெல்லாம் பூட்டியே கிடக்கும். இந்த மழையில நூத்தைம்பது குடும்பமும் தண்ணியிலே நிக்கும். இதான் நீர் பண்ற தர்மமா?"

உஸ்மான் கனி அந்தத் தாளை விரலால் காட்டினான்.

ஜெயராமன் குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு பக்கத்திலேயும் நேரில் ஒப்பிட்டேன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னும் ஏழு மாசத்திலே எனக்கு ரிட்டையர்மென்ட். நீர் மட்டும் முழுகற கிணறு இல்லே இது." தாளை நாலாக மடித்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குப் பேர் வாசிக்கிறது நீர்தான். குரல் நன்னா வர மாதிரி தொண்டைக்குக் கஷாயம் குடிச்சிட்டு வாரும். போம்."

மறுநாள் மழை விட்டிருந்தது. திருமுல்லைவாயிலில் புது வீட்டு வரிசைக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். சிவப்பு ஓடுகள் ஈரத்தில் பளபளத்தன. ஜனம் பந்தலுக்கு உள்ளேயும் வெளியேயும் சேற்றில் நின்றது. தலைமை வகிக்க சப் கலெக்டர் வந்திருந்தார். இளவயது, மங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழைத் தடவித் தடவிப் பேசுவார். மேசைமேல் மூன்று பித்தளைக் குடங்கள்.

நடைமுறை இதுதான்: பட்டியலில் உள்ள பெயரை உஸ்மான் கனி உரக்க வாசிப்பான். வாசித்ததும் அந்தப் பெயர் எழுதிய சீட்டைச் சுருட்டிக் குடத்தில் போடுவார்கள். எல்லாப் பெயரும் விழுந்த பிறகு குலுக்கல்.

முதல் பட்டியலை வாசித்தான். ஐம்பத்தொரு பெயர். ஐம்பத்தொன்றாவது சீட்டு குடத்தில் விழுந்தது. தாசில்தார் இரண்டாவது குடத்தைக் கையால் இழுத்தார். உஸ்மான் கனி தாளைக் கீழே வைக்கவில்லை.

"ஐம்பத்திரண்டு. கரைத்தெரு, நாகப்பன்" என்று வாசித்தான். "ஐம்பத்திமூணு. கரைத்தெரு..."

"கனி!" என்றார் ஜெயராமன்.

சீட்டுப் போடுகிறவன் விழித்தான். அப்படி ஒரு சீட்டு அவனிடம் இல்லை. கூட்டத்தில் யாரோ, "அது எப்டி? ஐம்பத்தொண்ணுன்னுதானே ஒட்டியிருந்தீங்க?" என்று கத்தினார்கள். உஸ்மான் கனி பதினொரு பெயரையும் மனப்பாடமாகச் சொல்லி முடித்தான். பிறகு சப் கலெக்டரைப் பார்த்துச் சொன்னான்:

"அய்யா, இவங்க வீடு குடியில்லைன்னு எழுதினது நான். நான் அந்தத் தெருவுக்குப் போகவே இல்ல. பொய்யா எழுதினேன்."

பந்தலில் ஒரேயடியாக இரைச்சல். முதல் பட்டியல்காரர்கள் மேசையை நோக்கி நெருக்கினார்கள். "கடைசி நேரத்துல யார்கிட்ட இன்னா வாங்கிகினு இதப் பண்றே?" என்று ஒரு பெரியவர் அவன் சட்டையைப் பிடித்தார். போலீஸ்காரர்கள் குச்சியைக் குறுக்கே நீட்டினார்கள்.

கன்னியம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் அவளைப் பார்க்காமலிருக்க முயன்று, பார்த்துவிட்டான். அவள் கத்தவில்லை. அருகில் வந்தாள்.

"கரைமேல நின்ன சைக்கிள் ஆளு நீதானா?"

"ஆமாம்மா."

"அவரு தட்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் உதடு கோணியது. தரையைப் பார்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

சப் கலெக்டர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கால் மணி நேரத்துக்குப் பிறகு உத்தரவு சொன்னார். முதல் இரண்டு பட்டியலின் குலுக்கல் இன்றே நடக்கும். மூன்றாம் பட்டியலின் பத்து வீடுகளை நிறுத்தி வைக்க வேண்டும். கரைத்தெருப் பதினொரு பேரின் விஷயத்தை அவரே விசாரிப்பார். அன்று குடியிருந்தார்கள் என்று நிரூபிக்கிறவர்களுக்கு அந்தப் பத்திலிருந்து கொடுக்கப்படும். மீதி இருந்தால் மற்றவர்களுக்குக் குலுக்கல். குமாஸ்தாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது.

விசாரணைக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் இன்னொரு மழை வந்தது. நாகப்பன் கார்த்திகை இரண்டாம் தேதி அந்தக் கதவுப் பலகைமேலேயே செத்துப் போனான். உஸ்மான் கனி செய்தி கேட்டுப் போனான். கொட்டகைக்கு இருபதடி தள்ளி நின்றான். யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரமும் அவன் சூளை சூளையாக அலைந்தான். போன வருஷம் சித்திரையில் கரைத்தெருக்காரர்கள் எங்கே வேலை செய்தார்கள், ஆள்கணக்கு எழுதிய மேஸ்திரி யார் என்று விசாரித்து, ஒரு பழைய ஆஜர் நோட்டைக் கண்டுபிடித்தான். அதில் அந்தத் தேதியில் ஏழு பேர் வேலைக்கு வந்ததாக இருந்தது. ஊரிலேயே இருந்ததற்கு அது ஒரு சாட்சி. மீதி நாலு குடும்பம் எந்த நோட்டிலும் இல்லை. காய்ச்சலில் கிடந்த நாகப்பன் அந்த நாலில் ஒருவன். மற்ற மூன்று குடும்பத்தினர் ஏரியில் மீன் பிடித்தும் நாணல் அறுத்தும் பிழைத்தவர்கள். ஏரி யாருக்கு ஆஜர் நோட்டு எழுதும்?

விசாரணை ஆவடி ஆபீசிலேயே நடந்தது. ஆஜர் நோட்டை வைத்து ஏழு பேருக்கு வீடு முடிவாயிற்று. சப் கலெக்டர் உஸ்மான் கனியைக் கூப்பிட்டுப் பிரமாணம் செய்யச் சொன்னார்.

"அந்த நாளில் எந்தெந்த வீட்டில் ஆள் இருந்தது? நீர் சொல்லும்."

"தெரியாது அய்யா. நான் கரையை விட்டு இறங்கல."

"அப்படியானால் உம்முடைய வாக்குமூலம் இவர்களுக்கு எதற்கு உதவும்?"

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தான். அவன் பார்க்காமல் போனதை இனி எந்த உண்மையாலும் பார்த்துவிட முடியாது.

"ஒருத்தர் கை தட்டினார் அய்யா. குடிசைங்க பக்கமிருந்து சத்தம் வந்துச்சு."

"யார்? முகம் பார்த்தீரா?"

அறையில் கன்னியம்மாள் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். அன்று அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சத்தம் வந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

"பார்த்தேன்" என்றான் உஸ்மான் கனி. "நாகப்பன்தான்."

சப் கலெக்டர் அவனையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். கன்னியம்மாளின் கட்டை விரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தார்கள். எட்டாவது வீடு.

அப்போதுதான் சுவரோரம் நின்றிருந்த மூன்று குடும்பத்தில் ஒருத்தி, தாட்சாயிணி என்று பெயர், முன்னால் வந்தாள். "பாய், அப்டியே எங்க ஊட்டையும் பாத்தேன்னு சொல்லு பாய்! நாகப்பன் ஊட்டுக்கு மூணாவது எங்க ஊடு. அங்கருந்து பாத்தா தெரியும் பாய். எங்க ஆடு கட்டியிருந்துச்சு. சொல்லு பாய்!"

அவன் வாயைத் திறந்தான். "அய்யா, அந்த வீட்டிலயும்..."

"போதும்" என்றார் சப் கலெக்டர். குரலில் கோபம் இல்லை. "கரையிலிருந்து ஒரு முகம் தெரிந்தது என்பதை நான் எழுதிக்கொண்டேன். இனி ஒன்று சொன்னால் அதையும் அடித்துவிட வேண்டியிருக்கும்."

தாட்சாயிணி அவன் காலில் விழப் போனாள். பியூன் அவளைத் தூக்கி வெளியே விட்டான். வாசலில் அவள் அழுத அழுகை மண்டி முழுக்கக் கேட்டது.

எட்டு வீடு போக மீதி இரண்டு. அந்த இரண்டுக்கு எண்பத்திரண்டு பேர். அடுத்த வாரம் குலுக்கினார்கள். உஸ்மான் கனி பந்தலுக்கு வெளியே நின்று கேட்டான். மூன்று குடும்பத்தில் ஒன்றின் பெயரும் வரவில்லை. கலைந்து போகையில் அன்னம்மாள் என்ற வயதான கூலிக்காரி அவனை அடையாளம் கண்டு நின்றாள். ஆரம்பத்திலிருந்தே மூன்றாம் பட்டியலில் இருந்தவள்.

"பத்து ஊடு இருந்துச்சு, எனக்கும் ஒண்ணு வுழும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "நீ வாயத் தொறக்காம இருந்திருக்கலாம் பாய்."

"இருந்திருக்கலாம்மா" என்றான். வேறென்ன சொல்வது?

தை மாதத்தில் அவனை வேலையை விட்டு நீக்கி உத்தரவு வந்தது. ஜெயராமனைக் கண்டித்து ஒரு கடிதம் மட்டும் போட்டார்கள். அவர் முழு பென்ஷனோடு ஓய்வு பெற்றார். வஹீதுன்னிசா ஒரு மாசம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளே தன் தையல் மிஷினைப் பழுது பார்த்து, பக்கத்துத் தெரு வீடுகளுக்குத் துணி தைக்க ஆரம்பித்தாள். அவன் பூந்தமல்லித் தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தான்.

கன்னியம்மாள் அந்த எட்டாவது வீட்டுக்குக் குடிபோனாள். அவனை அவள் அழைக்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் வேலப்பன்சாவடிச் சந்தையில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அவள் நின்று, "கூர ஒழுவல" என்றாள். அவ்வளவுதான், நடந்துவிட்டாள்.

தாட்சாயிணியின் குடும்பமும் மற்ற இரண்டும் கொட்டகைகளைப் பிரித்த பிறகு நெமிலிச்சேரி ஏரிக்குள், தண்ணீர் வடிந்த உள்வாயில் குடிசை போட்டார்கள். அங்கிருந்தும் எழுப்பினார்கள். அந்த மூன்று பேருக்காக உஸ்மான் கனி கலெக்டருக்கு மாசம் ஒரு மனு எழுதினான். 'வீடு காலி இல்லை' என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. தாட்சாயிணி மனுவில் விரல் வைக்க வரும்போதெல்லாம், "இந்த வாட்டியாச்சும் பாத்தேன்னு எழுதறியா பாய்?" என்று கேட்பாள். அவன் எழுதினான். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினான். அவள் விரலை மையில் தோய்த்துக் காட்டிய இடத்தில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பினாள்.